தையற்காரியின் சாவு

நண்பர் ஒருவர் புற்றுநோயால் படுத்துவிட்டால் முதலில் நம் கை பணப்பையைத் தேடுகிறது. பணமும் தீர்ந்து, மருந்தும் பலிக்காதபோது நாம் என்ன செய்கிறோம்? நூறாண்டுகளுக்கு முன்பே நியூயார்க் நகரில் ஒரு பெண்மணி இதற்குத் தம் வாழ்வால் விடை தந்தார்.

அவர் ரோஸ் ஹாதோர்ன். எழுத்தாளர் நதானியேல் ஹாதோர்னின் மகள். 1891இல் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவியவர். அவருடைய தோழியான கவிஞர் எம்மா லாசரஸ் 1887இல் புற்றுநோயால் இறந்தார். செல்வக் குடும்பமாதலால் பணிவிடைக்குக் குறைவில்லை. பின்னர், ஏழைத் தையற்காரி ஒருத்தி அதே நோயுற்று, பிளாக்வெல்ஸ் தீவின் ஏழையர் விடுதிக்கு அனுப்பப்பட்டு மாண்ட செய்தி அவரை எட்டியது. நோய் ஒன்றே, சாவு இருவிதம். இடையில் நின்றது பணம்.

நன்கொடை அனுப்புவதோடு ரோஸ் நிற்கவில்லை. 1896இல், தம் 45ஆம் வயதில், செவிலியர் பயிற்சி பெற்று, ஏழைகள் நடுவே வாடகை அறையில் குடியேறினார். அந்நோய் தொற்றும் என மக்கள் அஞ்சிய காலம் அது. அவரோ நோயாளிகளின் புண்களைத் தம் கையாலேயே கழுவிக் கட்டினார். 1900இல் அவர் தோற்றுவித்த தொமினிக்கன் சகோதரிகள் சபை, நோயாளியிடமோ உறவினரிடமோ காசு பெறுவதில்லை. 1926இல் மறைந்த அவரைத் திருச்சபை 2024இல் 'வணக்கத்துக்குரியவர்' என அறிவித்தது.

பணம் திரட்டுவது நம் கடமை; அதில் குறை வைத்தலாகாது. ஆயினும் கை வெறுமையானதும் நண்பரின் வீட்டுப் படியேற நாம் கூசுகிறோம். கொடுக்க ஒன்றுமில்லையே என்ற நாணம் அது. அந்நாணத்தை விடுத்து அவரருகே அமர்வோம். கொடுக்க வேண்டியது அங்கேதான் தொடங்குகிறது.