மருதமுனைத் தறிகளும் நாவிதன்வெளிக் காணியும்

கிட்டங்கிப் பாலம் தாண்டினால் நம் நாவிதன்வெளி. காணிக்குக் குறைவில்லை, கல்லோயாத் தண்ணீரும் வருகிறது. அங்கால மருதமுனையில் கடலுக்கும் வயலுக்கும் நடுவில் வீட்டுச் சுவரோடு சுவர் முட்டுகிறது. ஆனால் கைத்தறி தழைத்தது அங்கேதான். இடம் தாராளமாக உள்ள ஊரை விட்டுவிட்டு, நெருக்கமான ஊரில் ஒரு தொழில் ஏன் வளர்ந்தது?

ஒரு சாரன் நெய்யத் தறியும் ஆளும் மட்டும் போதாது. நூலுக்குச் சாயம் போட ஒருவர், நூல் சுற்ற ஒருவர், பாவு ஓட்ட இன்னொருவர், தறி பழுதானால் பார்க்க ஒரு தச்சர், நெய்ததை ஊர் ஊராய்க் கொண்டுபோக ஒரு வியாபாரி வேண்டும். நாலு தறி உள்ள ஊரில் இவர்களில் எவருக்கும் முழுநேர வேலை இராது. தறிகள் தெருத்தெருவாக இருந்தால்தான் ஒவ்வொருவரும் தன் ஒரே வேலையில் பிழைக்கலாம், கையிலும் வேகம் வரும். நூல் முடிந்தால் அடுத்த வளவில் கைமாற்று வாங்கலாம். தறி சும்மா நிற்காது. பிள்ளைகளும் பார்த்தே பழகிவிடுவார்கள்.

அல்பிரட் மார்ஷல் 1890 இல் வெளியிட்ட பொருளியல் நூலில் இதைத்தான் விளக்கினார். ஒரே தொழில் ஓரிடத்தில் குவிந்தால் தேர்ந்த ஆட்களும் துணைத் தொழில்களும் கூடவே வரும், தொழில் நுணுக்கமும் ஆளுக்கு ஆள் பரவும் என்றார். அவர் இங்கிலாந்தின் தொழில் நகரங்களைப் பார்த்து எழுதினார். நமக்கு மருதமுனையே போதும்.

ஆனால் நெருக்கம் எல்லாவற்றையும் காப்பதில்லை. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் மலிவான இறக்குமதித் துணியோடு கைத்தறி போட்டியிட முடியாமல் திணறியது. 2004 டிசம்பர் 26 காலை, கரையோரத்தில் அருகருகே இருந்த வீடுகளும் தறிகளும் ஒன்றாகவே அழிந்தன. பிறகு கிழக்கில் முதலில் 200 மீற்றர் என்று தடைவலயம் அறிவித்தார்கள். கரையோரக் குடும்பங்கள் பல மேட்டுவட்டை போன்ற புது வீட்டுத் திட்டங்களுக்குப் போயின. உயிருக்குப் பாதுகாப்பு, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இப்படிப்பட்ட திட்டங்களில் அறைகளை எண்ணுகிறோம், சாயக்காரர் வீடு எத்தனை தூரம் என்று எண்ணுகிறோமா?

நாவிதன்வெளிக்கும் தொழில் வேண்டும் என்கிறோம். நியாயம்தான். ஆனால் நிவாரணமாக வீட்டுக்கொரு தையல் இயந்திரம் கொடுப்பதால் தொழில் வந்துவிடாது. பத்துப் பேரை ஒரே தெருவில் சேர்த்து, நூலும் பழுதுபார்ப்பும் சந்தையும் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். காணி நம்மிடம் இருக்கிறது. பக்கத்துத் தறிக்காரர்தான் இல்லை.