நாகார்ஜுனகொண்டா படிக்கட்டு அரங்கம்

நாகார்ஜுனகொண்டா படிக்கட்டு அரங்கம் என்பது ஆந்திரப் பிரதேச மாநிலத்தின் பல்நாடு மாவட்டத்தில், நாகார்ஜுனசாகர் நீர்த்தேக்கத்தின் வலது கரையிலுள்ள அனுப்பு என்னும் இடத்தில் அமைந்துள்ள தொல்லியல் சின்னம் ஆகும். இது கி.பி. 3-4ஆம் நூற்றாண்டுகளில் கிருஷ்ணா ஆற்றுப் பள்ளத்தாக்கை ஆண்ட இக்சுவாகு மன்னர்களின் தலைநகரான விஜயபுரியில் கட்டப்பட்டது. நடுவில் ஆடுகளமும் அதன் நான்கு பக்கங்களிலும் பார்வையாளர் அமரும் படிவரிசைகளும் கொண்ட இதனை, உரோமைப் பேரரசின் 'ஆம்பிதியேட்டர்' எனப்படும் சுற்றரங்குகளுடன் ஒப்பிட்டு ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். பண்டைய இந்தியாவில் இத்தகைய கட்டடம் கிடைத்திருப்பது மிக அரிது. இன்று பயணிகள் காண்பது இவ்வரங்கின் முதல் இடம் அன்று. அணைக்கட்டினால் அவ்விடம் நீரில் மூழ்குவதற்கு முன்னர் பெயர்த்தெடுக்கப்பட்டு இங்கு மீண்டும் கட்டப்பட்டது.

அமைப்பு

அரங்கின் ஆடுகளம் நீள்சதுர வடிவானது. இது ஏறத்தாழ 16.5 மீட்டர் நீளமும் 13.7 மீட்டர் அகலமும் உடையது. இதனைச் சூழ்ந்து செங்கல்லால் கட்டப்பட்டுக் கற்பலகைகள் பதிக்கப்பட்ட படிகள் மேல்நோக்கி எழுகின்றன. படிகள் ஒவ்வொன்றும் ஒருவர் வசதியாக அமரக்கூடிய அகலம் கொண்டவை. ஆடுகளம் தாழ்ந்தும் இருக்கைகள் உயர்ந்தும் இருப்பதால் எப்படியில் அமர்ந்தாலும் நடுக்களம் மறைவின்றித் தெரியும்.

அரங்கினை ஒட்டிய குன்றின் மேல் ஹாரிதி கோயில் இருந்தது. ஹாரிதி என்பவள் குழந்தைகளைக் காக்கும் தெய்வமாகப் பௌத்தர்களால் வழிபடப்பட்டவள். கோயிலும் அரங்கும் அருகருகே இருந்தமையால், கோயில் விழாக்களை ஒட்டிய ஆடல், இசை, மற்போர் போன்றவை இங்கு நிகழ்ந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

உரோமைச் சுற்றரங்குகளுடன் ஒப்பீடு

உரோமையரிடம் இருவகை அரங்குகள் இருந்தன. நாடக அரங்கு அரைவட்ட வடிவமானது. அதில் மேடை ஒருபுறமும் பார்வையாளர் எதிர்ப்புறமும் இருப்பர். சுற்றரங்கு நீள்வட்ட வடிவமானது; அதில் பார்வையாளர் ஆடுகளத்தை முழுவதும் சூழ்ந்து அமர்வர். 'ஆம்பிதியேட்டர்' என்னும் கிரேக்கவழிச் சொல்லுக்கு 'இருபுறமும் காணும் இடம்' என்பது பொருள். உரோமை நகரின் கொலோசியம் இவற்றுள் மிகப் பெரியது. வெசுப்பாசியன் காலத்தில் தொடங்கப்பட்ட இக்கட்டடம் கி.பி. 80இல் தீத்தசு மன்னரால் திறந்து வைக்கப்பட்டது. இதன் வெளிப்புற நீளம் ஏறத்தாழ 188 மீட்டர். அகலம் 156 மீட்டர்.

நாகார்ஜுனகொண்டா அரங்கில் பார்வையாளர் நாற்புறமும் அமர்கின்றனர் என்ற வகையில் அது சுற்றரங்கினை ஒத்தது. ஆனால் வேறுபாடுகளும் உள்ளன. இது நீள்வட்டம் அன்று. கொலோசியத்தின் ஆடுகளம் மட்டுமே சுமார் 83 மீட்டர் நீளமும் 48 மீட்டர் அகலமும் கொண்டது; நாகார்ஜுனகொண்டா ஆடுகளத்தின் பரப்பு அதில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. விலங்குகளை அடைத்து வைக்கும் நிலவறைகளும் இங்கு இல்லை. வாட்போர் வீரர்களும் காட்டு விலங்குகளும் மோதும் குருதிக் காட்சிகளுக்கு இக்களம் ஏற்றது அன்று.

மேலும், நாற்புறமும் படிகள் இறங்கும் கட்டட முறை இந்தியாவுக்குப் புதியதன்று. விஜயபுரியிலேயே படிக்கட்டுகளுடன் கூடிய குளங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டுக் கோயில்களின் தெப்பக்குளங்களைக் கண்டவர்களுக்கு இவ்வரங்கின் தோற்றம் நீரற்ற தெப்பக்குளம் ஒன்றை நினைவூட்டும். ஆகவே உரோமை அரங்கு பற்றிய கருத்து ஒன்று உள்ளூர்க் கட்டட மரபின் வழியே உருப்பெற்றது எனவும், முழுவதும் உள்ளூர் மரபே எனவும் இருவிதமாக இதனை விளக்க இடமுண்டு.

யவனத் தொடர்புகள்

உரோமைச் செல்வாக்கினை வலியுறுத்துவோர் இந்நகரில் கிடைத்த பிற சான்றுகளைச் சுட்டுவர். திபேரியசு மன்னரின் பொற்காசும், அந்தோனினசு பயசின் மனைவி பாசுத்தினாவின் பொற்காசும் இங்கு கிடைத்தன. அரண்மனைப் பகுதியில் கிடைத்த தூண் ஒன்றில், கொம்புக் கிண்ணம் ஏந்திய தாடியுடைய மனிதர் செதுக்கப்பட்டுள்ளார்; இவ்வுருவம் கிரேக்க-உரோமை மதுத் தெய்வமான தயோனிசசை ஒத்தது.

போதிசிரி என்னும் பௌத்தப் பெண் அடியார் பொறித்த பிராகிருதக் கல்வெட்டு, பௌத்தம் பரவிய நாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் காசுமீரம், காந்தாரம், சீனம், வங்கம், தம்பபண்ணி எனப்பட்ட இலங்கை ஆகியவற்றுடன் யவன, தமிள எனப் படிக்கப்படும் பெயர்களும் உள்ளன. தமிழகத்தில் அரிக்கமேடு வழியாகவும் முசிறி வழியாகவும் நடைபெற்ற யவன வணிகத்தின் வடகிழக்கு அண்டைப் பகுதியாக விஜயபுரியைக் கருதலாம். எனினும் வணிகத் தொடர்புக்கான சான்று, கட்டடக் கலைத் தொடர்புக்கு நேரடிச் சான்று ஆகாது என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

அகழாய்வும் இடமாற்றமும்

நாகார்ஜுனகொண்டாவின் தொல்லெச்சங்கள் 1926இல் கண்டறியப்பட்டன. 1927 முதல் 1931 வரை லாங்கர்சுட்டும், 1938இல் டி. என். இராமச்சந்திரனும் இங்கு அகழாய்வு செய்தனர். 1955 டிசம்பர் 10 அன்று சவகர்லால் நேரு நாகார்ஜுனசாகர் அணைக்கு அடிக்கல் நாட்டினார். அணை முடிந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் நீரில் மூழ்கும் என்பதால், 1954 முதல் 1960 வரை இந்தியத் தொல்லியல் துறை ஆர். சுப்பிரமணியம் தலைமையில் பெரும் அகழாய்வினை மேற்கொண்டது. நூற்றுக்கு மேற்பட்ட இடங்கள் தோண்டப்பட்டன. படிக்கட்டு அரங்கமும் இப்பணியின்போதே வெளிப்பட்டது.

மூழ்கவிருந்த கட்டடங்கள் அனைத்தையும் காப்பாற்ற இயலவில்லை. ஒன்பது சின்னங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு உயரமான இடங்களில் மீண்டும் கட்டப்பட்டன; மேலும் பதினான்கு சின்னங்களுக்குச் சிறிய அளவிலான மாதிரிகள் அமைக்கப்பட்டன. குன்றின் உச்சி தீவாக எஞ்சியது. அங்கு 1966இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அரங்கமும் ஹாரிதி கோயிலும் பௌத்த விகாரை ஒன்றும் அனுப்புவிற்குக் கொண்டு செல்லப்பட்டன. 1967இல் அணையின் கால்வாய்களில் நீர் திறந்துவிடப்பட்டது. பல இலட்சம் ஏக்கர் நிலம் பாசனம் பெற்றது. பண்டைய நகரம் நீருக்கடியில் சென்றது.

இவ்விடமாற்றத்தால் அரங்கின் அளவும் அமைப்பும் காக்கப்பட்டன. தெருக்கள், ஆறு, அரண்மனை ஆகியவற்றுடன் அதற்கிருந்த இடத் தொடர்பு இழக்கப்பட்டது. அத்தொடர்பினை இன்று அகழாய்வு வரைபடங்களிலிருந்தே அறிய முடியும்.

பயணிகளுக்கான குறிப்புகள்

தீவிலுள்ள அருங்காட்சியகத்திற்குப் படகிலேயே செல்ல முடியும். அனுப்பு கரையிலேயே உள்ளதால் சாலை வழியாகச் செல்லலாம். படகுத்துறை உள்ள விஜயபுரி தெற்கு என்னும் ஊரிலிருந்து இது சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அருகிலுள்ள தொடர்வண்டி நிலையம் மாச்சர்லா. சென்னையிலிருந்து செல்வோர் குண்டூர் அல்லது நடிகுடி வரை தொடர்வண்டியில் சென்று அங்கிருந்து தொடரலாம். அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

முதலில் அருங்காட்சியகத்தில் பள்ளத்தாக்கின் மாதிரியைப் பார்த்துவிட்டு அரங்கிற்குச் செல்வது பயனுள்ளது. அரங்கு முன்னர் எங்கு இருந்தது என்பது அதனால் விளங்கும். அரங்கில் நிழல் இல்லை. ஆந்திரக் கோடையில் நண்பகல் வெயில் கடுமையானது. ஆதலால் நவம்பர் முதல் பெப்ரவரி வரையான காலமும், காலை அல்லது மாலை நேரமும் ஏற்றவை. ஆடுகளத்தின் நடுவில் ஒருவர் பேசுவதை மேற்படியில் அமர்ந்து கேட்டு, அரங்கின் ஒலியமைப்பைப் பயணிகள் தாமே சோதித்துப் பார்க்கலாம்.

இவற்றையும் பார்க்கவும்

இக்சுவாகு மரபு
அமராவதி தூபி
அரிக்கமேடு
கொலோசியம்