ஆல்டிமீட்டரின் குட்டி முள்

வீட்டு சிமுலேட்டர் காக்பிட்டுக்குப் பழைய மூன்று முள் ஆல்டிமீட்டர் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். சாதாரண சர்வோ மோட்டார் ஏறக்குறைய அரை வட்டம்தான் திரும்பும். இதிலோ பெரிய முள் 1,000 அடிக்கு ஒரு முழுச் சுற்று. அதனால ஸ்டெப்பர் மோட்டார்தான் சரி. நடுமுள் 10,000 அடிக்கு ஒரு சுற்று, குட்டி முள் 1,00,000 அடிக்கு. பத்துக்கு ஒன்று என இரண்டு அடுக்குப் பல்சக்கரம் போட்டால் போதும்.

செய்ய எளிது, படிக்கத்தான் ஆபத்து. 1,500 அடியிலும் 11,500 அடியிலும் பெரிய முள்ளும் நடுமுள்ளும் ஒரே இடத்தில்தான் நிற்கும். வித்தியாசத்தைச் சொல்வது குட்டி முள் மட்டும்.

1958 டிசம்பர் 24 அன்று, இங்கிலாந்தின் ஹர்ன் அருகே பிஓஏசி நிறுவனத்தின் பிரிட்டானியா விமானம் சோதனைப் பறப்பில் இருந்தது. விமானிகள் உயரத்தை 10,000 அடி கூடுதலாகப் படித்துவிட்டு, மூடுபனிக்குள் இறங்கினார்கள். இருந்த 12 பேரில் 9 பேர் இறந்துபோனார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 28 அன்று ஸ்காட்லாந்தில் ஒரு வைக்கவுண்ட் விமானமும் இதே 10,000 அடிக் குழப்பத்தால் தரையில் மோதியிருந்தது.

அனுபவமுள்ளவர்களே இரண்டு முறை ஏமாந்தார்கள் என்றால், கோளாறு கண்ணில் மட்டும் இல்லைங்க, முகப்பிலும் இருக்கு. பின்னால் வந்த ஆல்டிமீட்டர்களில் உயரத்தை எண்ணாகவே காட்டும் உருளை சேர்ந்தது.

நான் மட்டும் பழைய முகப்பையே வைக்கப்போகிறேன். அதன் முன்னால் உட்கார்ந்து இறங்கிப் பார்த்தால்தான் அவர்கள் நிலைமை நமக்குப் புரியும்.