செயற்கை இடுப்புமூட்டும் காலத்தின் சான்றும்

மருந்தொன்று தீதெனத் தெரியவந்தால் நோயாளி அதனை அன்றே நிறுத்திவிடலாம். தொடையென்பினுட் செலுத்திய உலோகத் தண்டு தீதெனத் தெரியவந்தாலோ, அதனை அகற்றுதற்கு முன்னையதிலும் பெரியதொரு சத்திரசிகிச்சை வேண்டும். அகற்றும்போது நல்ல என்பும் உடனழியும். மேலும், அத்தண்டின் குறை பதித்த அன்றே வெளிப்படுவதில்லை. ஐந்தாண்டு, பத்தாண்டு கழிந்த பின்னரே பெரும்பாலும் புலனாகின்றது. அதற்கிடையில் ஆயிரக்கணக்கானோர் உடலில் அது குடியேறிவிடுகின்றது. ஆகவே, சத்திர வைத்தியர் புதியதொரு மூட்டினை எப்பொழுது, எதனை நம்பி ஏற்றுக்கொள்கின்றனர் என்ற வினா வைத்தியருக்கு மட்டும் உரியதன்று.

தொடையென்பின் உருண்டைத் தலையும் அது பொருந்தியிருக்கும் இடுப்பென்புக் கிண்ணமும் சேர்ந்ததே இடுப்புமூட்டு. இவற்றைப் போர்த்துள்ள கசியிழையம் தேய்ந்தழியும்போது ஓரடி எடுத்துவைத்தலும் வேதனையாகும். 1891 இல் ஜேர்மனியில் தெமிஸ்தொக்கிளிஸ் குளுக் என்பார், காசநோயால் அழிந்த மூட்டுகளில் யானைத் தந்தத்தாற் செய்த தலையைப் பொருத்த முயன்றார். 1923 இல் பொஸ்டன் நகரத்து ஸ்மித் பீற்றர்சன் கண்ணாடிக் கிண்ணத்தைத் தலைமேற் கவித்தார், அது உடைந்தது. 1938 இல் அவரே கோபாற்று, குரோமியம் கலந்த உலோகத்துக்கு மாறினார். இவையெல்லாம் தனிமனிதர் முயற்சிகள். தோல்வியும் ஒரு சிலரோடு அடங்கிற்று.

பரவலான தோல்வி பாரிசு நகரத்திலிருந்து தொடங்கிற்று. 1946 இல் ஜூடே சகோதரர் அக்கிரிலிக்குத் தலையொன்றை ஆக்கினர். மென்மையும் பளபளப்பும் உடைய அத்தலையைப் பொருத்திய நோயாளர் சில கிழமைகளில் நோவின்றி நடந்தனர். அதனைக் கண்ட ஐரோப்பிய வைத்தியர் பலர் விரைந்து அம்முறையைக் கைக்கொண்டனர். சில ஆண்டுகளில் தலைகள் தேய்ந்தன, தளர்ந்தன, முறிந்தன. முதலாண்டின் இன்பத்தைச் சான்றாகக் கொண்டமையே அங்கு நேர்ந்த பிழை. நோவு தீர்ந்தவன் மகிழ்கின்றான். அவன் மகிழ்ச்சியைக் கண்ட வைத்தியனும் மகிழ்கின்றான். இருவர் மகிழ்ச்சியும் பொய்யன்று. ஆயினும் மூட்டின் ஆயுளைப்பற்றி அவை எதனையும் கூறமாட்டா.

அத்தகைய ஜூடே மூட்டுடைய ஒருவர் மான்செஸ்டரிலிருந்த ஜோன் சார்ன்லியிடம் வந்தார். அவர் சாயுந்தோறும் மூட்டுக் கிரீச்சிட்டது. அவ்வொலி பொறாது அவர் மனைவி அறையைவிட்டு அகல்வார் என்பர். பிறர் நகைத்து விட்டுவிடக்கூடிய இச்செய்தி சார்ன்லியை உராய்வுபற்றிச் சிந்திக்கத் தூண்டிற்று. மூட்டிலே உராய்வு மிகுந்தால், ஒவ்வோர் அசைவும் பொருத்திய உறுப்பினை என்பிலிருந்து திருகிப் பெயர்க்கும். ஆதலின் குமிழ் சிறிதாயிருத்தல் வேண்டும், கிண்ணம் வழுக்கும் பொருளால் ஆதல் வேண்டும், உறுப்புகள் என்பில் அசையாது நிற்றல் வேண்டும் என அவர் துணிந்தார். பற்சிகிச்சையில் வழங்கிய அக்கிரிலிக்குச் சீமெந்தினைப் பசையாக அன்றி, இடைவெளி நிரப்பும் சாந்தாகப் பயன்படுத்தினார். கிண்ணத்துக்கு அவர் தெரிந்துகொண்ட பொருள் டெப்லோன். 1958 அளவிலிருந்து விகன் நகரை அடுத்த றைட்டிங்டன் வைத்தியசாலையில் ஏறக்குறைய 300 நோயாளருக்கு அக்கிண்ணத்தைப் பொருத்தினார். 1961 இல் ‘லான்செற்’ சஞ்சிகையிலும் இப்புதிய சிகிச்சைபற்றி எழுதினார்.

அடுத்த ஆண்டிலேயே கிண்ணங்கள் தேய்ந்துபோயின. தேய்ந்துதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த தசையிலும் என்பிலும் அழற்சியை விளைத்தன. சார்ன்லி அத்துகளைத் தம் தொடையிலேயே செலுத்தி விளைவைக் கண்டார். மாதங்கள் கழிந்தும் கட்டி கரையவில்லை. தாம் பொருத்திய மூட்டுகளைத் தாமே மீண்டும் திறந்து அகற்றவேண்டிய நிலையும் அவருக்கு நேர்ந்தது.

அவர் மீண்டெழுந்த வழி எதிர்பாராதது. 1962 மே மாதத்தில், லங்காசயர் தறிகளுக்குரிய பற்சில்லுகள் செய்யும் பிளாத்திக்கு ஒன்றை விற்பனையாளர் ஒருவர் கொண்டுவந்தார். அது மிக உயர்ந்த மூலக்கூற்று நிறையுடைய பொலித்தீன். சார்ன்லி அதனை நகத்தாற் கீறிப் பார்த்து, வீண்வேலை என்று தள்ளிவிட்டார். அவருடைய பட்டறைப் பொறியாளர் ஹரி கிறேவனோ, தலைவர் வெளிநாடு சென்றிருந்தபோது அதனைத் தேய்வுப் பொறியில் இட்டு இரவும் பகலும் ஓட்டினார். மூன்று கிழமைகளில் அது தேய்ந்த அளவு, டெப்லோன் ஒரு நாளிலே தேயும் அளவினும் குறைவாயிருந்தது. நவம்பரில் அப்பொருளாற் செய்த முதற் கிண்ணம் நோயாளியொருவருக்குப் பொருத்தப்பட்டது.

அதன்பின் சார்ன்லி நடந்துகொண்ட முறையே இவ்வரலாற்றிற் பெரிதும் போற்றத்தக்கது. நல்ல மூட்டொன்று கையிலிருந்தும் அவர் அதனைச் சந்தையில் விடவில்லை. லீட்சு நகரத்துத் தக்கரே நிறுவனம் அம்மூட்டினைத் தம்மிடம் வந்து பயின்ற வைத்தியருக்கே விற்றல் வேண்டுமெனப் பல ஆண்டுகள் கட்டுப்படுத்தினார். தம் நோயாளரிடம், இறந்தபின் மூட்டினை எடுத்து ஆராய இசைவு கேட்டார். அவர்களும் மனமுவந்து இசைந்தனர். நெடுங்காலப் பயன்களை 1972 இலேயே வெளியிட்டார். 300 நோயாளர் அடைந்த துன்பம் அவருக்கு இப்பொறுமையைக் கற்பித்தது போலும்.

ஆனால், ஒருவர் கற்ற பாடம் துறைமுழுவதும் கற்ற பாடமாகிவிடுவதில்லை. எக்செட்டர் நகரத்தில் றொபின் லிங்கும் கிளைவ் லீயும் 1970 இல் ஆக்கிய தண்டு கண்ணாடிபோல் மினுக்கப்பட்டிருந்தது. 1976 இல் அதன் மேற்பரப்பு சொரசொரப்பாக மாற்றப்பட்டது. சீமெந்தோடு நன்கு பற்றுமன்றோ என எவர்க்கும் தோன்றக்கூடிய சிறு மாற்றமே அது. விளைவோ மாறாயிற்று, தளர்ந்த தண்டுகள் பெருகின. மினுக்கிய தண்டு சீமெந்தினுள் சிறிதளவு இறங்கி இறுகுவதே அதன் வலிமை என்பது பின்னரே விளங்கிற்று. 1986 இல் மீண்டும் மினுக்கினர். ஆக்கியோரே உணராத நுட்பத்தைப் பார்வையாற் கண்டறிதல் எங்ஙனம் கூடும்?

இனி, வைத்தியர் ஏன் மாறுகின்றனர்? ஆசிரியர் கையாண்ட மூட்டினை மாணவர் கையாளுதல் மரபு. அம்மரபினை உடைப்பவை மாநாட்டுச் சொற்பொழிவும், நிறுவனத்தார் வருகையும், இளமையிலேயே மூட்டழிந்த நோயாளிக்கு நெடுங்காலம் நிற்கும் ஒன்றைத் தரவேண்டுமென்ற உண்மையான கவலையுமாகும். இக்கவலையே உலோகத்தின்மேல் உலோகம் உராயும் மூட்டுகளை மீண்டும் வழக்கிற் கொணர்ந்தது. 1997 இல் பேர்மிங்காம் நகரத்து மக்மின் வெளியிட்ட மூட்டு நற்பெயர் பெற்றது. அதனோடு போட்டியிட 2003 இல் வந்தது ஏ.எஸ்.ஆர். என்னும் மூட்டு. அமெரிக்காவில் அதன் ஒரு வகை, முன்னிருந்த மூட்டுகளை ஒத்ததென்ற அளவிலேயே, மனிதரிற் சோதியாது 2005 இல் அனுமதி பெற்றது. அதன் கிண்ணம் ஆழங்குறைந்தது; சிறிது சாய்ந்தாலும் விளிம்பு தேய்ந்து கோபாற்றும் குரோமியமும் உடலிற் கலந்தன. 2010 ஓகத்தில் அது திரும்பப் பெறப்பட்டபோது 93,000 அளவினர் உடலில் அது இருந்தது. ஐந்தாண்டினுள் நூற்றுக்கு 12, 13 பேருக்கு மறுசத்திரசிகிச்சை தேவைப்பட்டமையைப் பதிவேடு காட்டிற்று.

அவுஸ்திரேலியாவின் பதிவேடு 2007 இலேயே எச்சரித்திருந்தமை இங்குக் குறிக்கத்தக்கது. நாட்டிற் பொருத்தப்படும் ஒவ்வொரு மூட்டினையும், அகற்றப்படும் ஒவ்வொன்றையும் எழுதிவைக்கும் இவ்வழக்கத்தைச் சுவீடன் 1979 இல் தொடங்கிற்று. நோர்வே 1987 இல் தொடர்ந்தது. போன்லொக் என்னும் புதிய சீமெந்தின் தீமையை நோர்வேப் பதிவேடு சில ஆண்டுகளுள் காட்ட, 1995 இல் அது விலக்கப்பட்டது. இங்கிலாந்திலோ, சார்ன்லி மூட்டினை ஒத்த மலிவான கப்பிற்றல் மூட்டு 1991 முதல் ஏறத்தாழ 4,700 பேருக்குப் பொருத்தப்பட்டு, 1998 இல் எச்சரிக்கை வெளியானபோது நாடளாவிய பதிவேடு எதுவும் இல்லை. அது 2003 இலேயே தோன்றிற்று.

பதிவேடும் தோல்வி நிகழ்ந்த பின்னரே பேசும். அதற்கு முன்னரே அறிய, சுவீடனின் லுண்ட் நகரத்து யோறன் செல்விக் 1970களில் ஒரு முறை கண்டார். என்பினுள் நுண்ணிய தந்தாலம் மணிகளைப் பதித்து, இரு கோணத்து எக்சுக்கதிர்ப் படங்களால், தண்டு மில்லிமீற்றரின் பின்ன அளவு நகர்ந்தாலும் கண்டுகொள்ளலாம். முதலிரண்டாண்டில் ஓயாது நகரும் தண்டு பின்னாளில் தளரும் எனக் கொள்வர். ஆகவே, முதலில் ஆய்வுகூடத்திலும், அடுத்துச் சிலரிலும், பின்னர்ப் பல வைத்தியசாலைகளிலும், இறுதியிற் பதிவேட்டின் கண்காணிப்பிலுமாகப் புதுமூட்டினைப் படிப்படியாக விடவேண்டுமெனக் கொதன்பேர்க் ஆய்வாளர் 1990களில் வற்புறுத்தினர். நல்ல மூட்டாயினும் அதனைப் புதிதாகக் கையாளத் தொடங்கும் வைத்தியசாலையில் முதற்சில நோயாளருக்குக் கேடு மிகுதி என்பதைப் பின்லாந்துப் பதிவேட்டின் ஆய்வு பின்னர்க் காட்டிற்று.

இங்கிலாந்தில் 2002 இல் அமைந்த நிபுணர்குழு ஒன்று ஒவ்வொரு மூட்டின் பெயரருகிலும் ஓர் எண்ணையும் ஓர் எழுத்தையும் இடுகின்றது. எண் எத்தனை ஆண்டுச் சான்று உண்டென்பதையும், எழுத்து அச்சான்றின் வலிமையையும் குறிக்கும். 10 என்ற எண்ணைப் பெறுதற்குப் பத்தாண்டு கழிதல் வேண்டும்.