வாராத நோய்க்கு வைத்த காவல்

வருமுன் காத்தல் அறிவுடைமை என்பர். காத்தபின் அத்தீங்கு வாராதொழியின், காத்தவரை உலகம் என் சொல்லும்? 1976-ஆம் ஆண்டின் அமெரிக்க வரலாறு இதற்கு விடை கூறும்.

அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில், நியூ ஜெர்சி மாநிலத்து டிக்ஸ் கோட்டைப் படைமுகாமில் இளம் போர்வீரர் ஒருவர் சளிக்காய்ச்சலால் இறந்தார். அவரிடம் காணப்பட்ட பன்றிக்காய்ச்சல் கிருமி, 1918-இல் உலகெங்கும் கோடிக்கணக்கானோரை மாய்த்த கிருமிக்கு உறவுடையது. அதிகாரிகள் அஞ்சினர். நாட்டினர் அனைவருக்கும் தடுப்பூசி போடப்படும் என மார்ச் 24-இல் அதிபர் ஃபோர்டு அறிவித்தார், 13.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. மருந்தை ஆக்கிச் சேமித்து வைப்போம், நோய் பரவினால் போடுவோம் என்றாரும் உளர். அச்சொல் எடுபடவில்லை.

காப்பீட்டு நிறுவனங்கள் பொறுப்பேற்க மறுத்தமையால், அரசே சட்டம் இயற்றி அதனை ஏற்றது. அக்டோபர் 1-இல் பணி தொடங்கிற்று. சின்னாளில் பிட்ஸ்பர்க் நகரில் ஊசி போட்டுக்கொண்ட முதியோர் மூவர் இறந்தனர். ஊசி காரணமன்று என்று கூறியும் மக்கள் மருண்டனர்; சில மாநிலங்கள் பணியை நிறுத்தின. அச்சம் தீர்க்க அதிபரே பலர் காண ஊசி போட்டுக்கொண்டார்.

நான்கு கோடிக்கு மேற்பட்டோர் போட்டுக்கொண்டனர். அவருள் இலட்சத்திற்கு ஏறத்தாழ ஒருவர்க்கு, கை கால்களைச் செயலறச் செய்யும் கியான்-பாரே என்னும் நரம்புநோய் கூடுதலாகக் கண்டது. டிசம்பர் 16-இல் பணி நின்றது. எதிர்பார்த்த கொள்ளைநோயோ வரவேயில்லை.

மருந்து ஆக்கியது பிழையன்று. ஆக்குதல், போடுதல் என்னும் இரண்டையும் ஒரே முடிவாகப் பிணைத்து, இடையில் நின்று எண்ண இடம் வையாததே பிழை. பணத்தினும் பெரிய இழப்பு, மக்களின் நம்பிக்கை.