ஐந்து மில்லிமீட்டர் நெருப்பு

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடையொன்றில், பிளாஸ்டிக் பைக்குள் நூறோடு நூறாகக் கிடந்தது அது. "மஞ்சள்ல ஃபிளிக்கர் எல்.இ.டி. இருக்காண்ணே?" என்று கேட்டதும், கடைக்காரர் ஒரு பிடி அள்ளி மேஜையில் வைத்தார். பார்வைக்குச் சாதாரண விளக்குதான்: 5 மி.மீ. தலை, இரண்டு கால், நீளமான கால் பிளஸ். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஒளி தரும் பொட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னச் சதுரம். அந்தச் சில்லுதான் மின்சாரத்தை ஒழுங்கில்லாமல் கூட்டிக் குறைத்து விளக்கைத் துடிக்க வைக்கிறது.

அதன் முன்னோர் அமெரிக்காவில் பிறந்தவர்கள். 1962-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலோனியாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியை எடுத்தார். 1972-ல் மான்சான்டோவில் ஜார்ஜ் கிராஃபோர்ட் மஞ்சளைக் கொண்டுவந்தார். பொம்மை அடுப்பில் நெருப்புக் காட்ட எனக்கு வேண்டிய இரண்டு நிறமும் அதோடு கிடைத்துவிட்டன. பின்னாளில் வந்த வெள்ளை எல்.இ.டி. இந்த வேலைக்கு ஆகாது. நீலச் சில்லின் மேல் மஞ்சள் பூச்சு பூசிச் செய்வது அது. பெரும்பாலும் குளிர்ந்த வெளிச்சம் தரும். விறகுத் தீயின் மஞ்சளோ, சூட்டில் தகதகக்கும் நுண்ணிய கரித்துகள்களின் நிறம்.

கடையிலிருந்து அந்த ஃபிளிக்கர் எல்.இ.டி. எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வந்தது. படிகளுக்குப் பக்கத்தில் மணல் பரப்பி ஒரு கிராமம் வைப்போம். அதில் ஒரு டீக்கடை. அம்மா காலத்தில் சிவப்பு ஜிலேட்டின் தாளுக்குப் பின்னால் ஜீரோ வாட் பல்பு எரியும். சூடு ஏறும் என்பதால் பஞ்சில் புகை வைக்கப் பயம். இந்த எல்.இ.டி.க்கு இரண்டு பென்சில் பேட்டரி போதும், சூடும் இல்லை, பஞ்சுப் புகையும் வைக்கலாம். டீக்கடையின் மண் அடுப்பு வாயில் அதை நிறுத்தி அறை விளக்கை அணைத்தேன்.

நெருப்பாகவே தெரியவில்லை. அகல் சுடர் காற்றில் படபடப்பதுபோல் துடித்தது. ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு கொலு முழுக்க ஆனது. நெருப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு நிதானமாக ஆடும். 1 மீட்டர் அகலத் தீ நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரை முறைதான் எழுந்து தாழும். 32 சென்டிமீட்டர் அடுப்பு என்றால் இரண்டரை முறைக்குச் சற்று மேல். எங்கள் பொம்மை அடுப்பின் அகலம் 2 சென்டிமீட்டர். அதில் நிஜமாகவே தீ மூட்டினால் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் துடிக்கும். 16 மடங்கு சிறிதானால் 4 மடங்கு வேகம். இந்தக் கணக்கு தெரியாமலே நம் கண் அதைப் பழகி வைத்திருக்கிறது. துடிப்பைப் பார்த்தே தீயின் அளவைச் சொல்லிவிடும். சினிமாவில் மாதிரிக் கட்டடங்களை எரிக்கும்போது வேகமாகப் படம் பிடித்து மெதுவாக ஓட்டுவதும் இதனால்தான்.

சில்லின் வேகத்தை என்னால் மாற்ற முடியாது. அதனால் விளக்கை மறைத்தேன். அடியில் துடிக்காத சிவப்பு ஒன்று, நிலையான கனலுக்கு. இரண்டு பக்கமும் துடிக்கும் மஞ்சள் ஒவ்வொன்று. தனித்தனிச் சில்லு என்பதால் இரண்டும் ஒரே தாளத்தில் ஆடாது, ஒன்று தாழும்போது இன்னொன்று ஏந்திக்கொள்ளும். தலைகளை உப்புத்தாளில் தேய்த்து மங்கலாக்கினேன். மேலே நிஜ அடுப்புக்கரியை நொறுக்கிப் போட்டேன். இப்போது எந்த விளக்கும் கண்ணில் படாது. கரியின் இடுக்குகளில் கசியும் சிவப்பும், டீ ஆற்றுகிறவரின் முழங்கையிலும் பின்சுவரிலும் அசையும் மஞ்சளும்தான் தெரியும். அந்தச் சுவருக்குக் காவி பூசியது நல்லதாயிற்று. வெள்ளையாக இருந்தபோது துடிப்பு அப்பட்டமாகத் தெரிந்தது.

சுண்டலுக்கு வந்த பக்கத்து வீட்டுப் பாட்டி குனிந்து பார்த்தார். "பஞ்சைக் கொஞ்சம் தள்ளி வைடா, பத்திக்கப் போகுது" என்றார்.

விஜயதசமி இரவு மரப்பாச்சியைப் படுக்க வைத்த பிறகு பேட்டரிகளைக் கழற்றினேன். உள்ளேயே விட்டால் கசிந்து முனைகள் அரித்துப்போகும். புகையாக நின்ற பஞ்சையே அடுப்பைச் சுற்றிப் பொதிந்து, பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றினேன்.