பிணையக் கண்காணிப்புக் கேமராவின் நிகழ்படத் தரம்

பிணையக் கண்காணிப்புக் கேமராவின் நிகழ்படத் தரம் என்பது பிரிதிறன், சட்டக வீதம், பிட் வீதம், சுருக்கமுறை ஆகியவற்றால் அமைவதாகும். சுவீடனின் ஆக்சிசு நிறுவனம் 1996 இல் முதல் பிணையக் கேமராவை வெளியிட்டது.

அமைப்புகள்

பிரிதிறனை உயர்த்திப் பிட் வீதத்தை உயர்த்தாவிடில், அசைவுகள் கட்டங்கட்டமாகச் சிதையும். நொடிக்கு 4 மெகாபிட் எனில் ஒரு நாள் பதிவுக்கு ஏறத்தாழ 43 கிகாபைட்டு தேவை. 1 டெராபைட்டு வன்தட்டு 23 நாட்களில் நிறைந்துவிடும். அதன்பின் பழைய பதிவுகள் அழிக்கப்படும். எச்.265 சுருக்கமுறை (2013), எச்.264 க்குத் தேவையான பிட் வீதத்தில் ஏறத்தாழப் பாதியிலேயே ஒத்த தரத்தைத் தரவல்லது.

பயன்பாடு

விருதுநகர் மாவட்டத்தின் ஏழாயிரம்பண்ணை போன்ற பட்டாசுத் தொழிற்பகுதிகளில் ஆலை அறைகள் இடைவெளி விட்டு அமைக்கப்படுகின்றன. தொலைவிலிருந்து பதியும் கேமராவில் பிரிதிறன் குறைந்தால் ஆளை அடையாளங்காண இயலாது. சட்டக வீதம் குறைந்தால் தீ தோன்றிய கணம் தவறக்கூடும். எனவே இவ்விரண்டையும் குறைக்காமல், சுருக்கமுறையை மாற்றிச் சேமிப்பிடத்தை மிச்சப்படுத்துவதே விபத்து விசாரணைக்கு உதவும்.